மூன்று இருமல்

மாமா, என் அக்கா புருஷன், வாசலில் நின்று மூன்று முறை இருமினார். அம்மா சட்டென்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். என் அக்கா மகள் பூசணிவிதை, ஏழு வயசு, உள்ளேயிருந்து பதிலுக்கு மூன்று முறை இருமினாள். அவள் இருமினால்தான் அவர் குனிந்து உள்ளே வருவார். அது அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு. அம்மாவுக்கும் மாமாவுக்கும் விளையாட்டு இல்லை. இந்த ஆற்றங்கரையில் வாழ்கிற எங்கள் ஜனத்தில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, மாமியார் மருமகனோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரே கூரைக்குள் ஒரே பானையிலிருந்து சாப்பிட்டாலும் அப்படித்தான். அது மரியாதை. மற்ற வீட்டு மருமகன்கள் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடுவார்கள். மாமா பூனை மாதிரி நடப்பவர், அதனால் இருமினார். ஒன்பது வருஷமாக இருமி இருமி ஊரே அவருக்கு மூணு இருமல் என்று பெயர் வைத்துவிட்டது. ஹெக்டர் லோரிமர் என்கிற சொந்தப் பெயர் அவர் தோல் வாங்குகிற கடையின் கதவில் மட்டும்தான் இருந்தது, அதையும் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

அன்றைக்குக் காலை அவர் கையில் ஒரு துப்பாக்கி இருந்தது. கட்டையில் பித்தளை ஆணிகளை நட்சத்திரம் மாதிரி அடித்த பழைய துப்பாக்கி. பார்த்ததுமே அது எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கோடைக்கு முன்னால் எங்கள் குதிரைகளை ஓட்டிப்போக வந்த எதிரிகளில் ஒருத்தனிடமிருந்து மாமா பிடுங்கியது அது. எதிரியிடம் பிடுங்கிய துப்பாக்கியை மருமகன் கொண்டுவந்து கொடுத்து, மாமியார் அதைக் கையில் வாங்கிவிட்டால், அந்த நாளோடு போர்வை விலகும். அதற்கப்புறம் இரண்டு பேரும் மற்றவர்களைப் போல முகம் பார்த்துப் பேசலாம். என் அக்கா தூறல் உயிரோடு இருந்தபோது இதைக் கொடுக்கச் சொல்லி அவரிடம் எத்தனையோ தடவை கெஞ்சினாள். "உங்கம்மாகூட பேசாம இருக்கறதாலதான் நான் இந்த வீட்டுல நிம்மதியா இருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது அதை என் கையில் கொடுத்து, "அம்மாகிட்ட குடுத்துடு. சாயங்காலம் வர்றேன்" என்றார். அம்மாவின் முதுகைக்கூடப் பார்க்காமல் வெளியே போனார்.

துப்பாக்கியோடு நானும் வாசலுக்கு வந்தேன். அடுத்த வீட்டு மண்கூரைமேல் தோல் காயவைத்துக்கொண்டிருந்த காக்கையிறகு, அவர் அதைக் கொண்டுவந்ததையும் வெறுங்கையோடு போனதையும் பார்த்திருந்தாள். எனக்குக் கேலி பேசுகிற முறை உள்ளவள், ஒரு நாளும் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

"ஏண்டி புல்லோசை, அந்தத் துப்பாக்கி எதிரிகிட்ட பிடுங்குனதா, கடை அலமாரியிலேர்ந்து எடுத்ததா?"

"உன் புருஷன் இதுவரைக்கும் என்னத்தடி பிடுங்குனான்? முள்ளங்கியா?"

"அது சரி. துப்பாக்கி அம்மாவுக்கு, ஆளு பொண்ணுக்கா?"

நான் உள்ளே வந்துவிட்டேன். வழக்கமாக நான் அப்படி விடுகிறவள் இல்லை.

என் பயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் தூது போகிறவள் நான். முன்பு அக்கா போனாள். போன வருஷம் சோளம் உரிக்கிற நாட்களில் காய்ச்சல் வந்து ஆறே நாளில் அவள் போய்விட்டாள், அந்த வேலை எனக்கு வந்தது. அம்மா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், "உன் மாமன்கிட்ட சொல்லு" என்பாள். அவர் கடையில் என்னை நிறுத்தி, "அம்மாகிட்ட சொல்லு" என்பார். எனக்கு அப்போது பதினெட்டு வயசு, ஒருத்தர் கோபத்தை இன்னொருத்தரிடம் அப்படியே தூக்கிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. கஞ்சியில் உப்பே இல்லை என்று அவர் சொன்னால், "கஞ்சி நல்லா இருந்துச்சாம்" என்று அம்மாவிடம் சொல்வேன். "அப்ப நாளைக்கும் அதையே வைக்கிறேன்" என்பாள் அவள். "அந்த ஆளு புகைக்கிற நாத்தத்துல என் விதைச்சோளம்கூட முளைக்காது" என்று அவள் சொன்னால், "வெளிய காத்து நல்லா வருதாம் மாமா, அங்க உக்காந்து புகைச்சா சுகமா இருக்குமாம்" என்பேன். வீடு அமைதியாக ஓடியது. எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பனிக்காலத்தின் நடுவில் ஒரு நாள் அவர் சொன்னார்: "வசந்தத்துல ஆத்துல கப்பல் வரும்போது மார்கரெட்டை அதுல அனுப்பப் போறேன். ஆத்தோட கீழ்ப்பக்கம், செயின்ட் லூயி நகரத்துல என் தம்பி வீடு. அங்க பள்ளிக்கூடம் இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடு." மார்கரெட் என்றால் எங்கள் பூசணிவிதைதான், அவர் மட்டும் கூப்பிடுகிற பெயர். நான் போய்ச் சொன்னேன். இதில் மட்டும் ஒரு சொல்கூட மாற்றவில்லை. அம்மா பீன்ஸ் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்: "அவ எங்க குலம். இந்த வீட்டுப் பொண்ணு. அந்தத் தண்ணியில அவ போக மாட்டா. அந்த ஆளு போகணும்னா போகட்டும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். எனக்கு என்ன ஆகும் என்றும் நினைத்தேன், மறைக்கவில்லை. அக்காவின் இடத்துக்கு நான்தான் போவேன் என்று ஊரே எதிர்பார்த்தது. அம்மா எதிர்பார்த்தாள். நான் எதிர்பார்த்தேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. கடைக்குப் போய், "வசந்தம் வரட்டும், பாக்கலாம்னு அம்மா சொல்றாங்க" என்றேன். திரும்பி வந்து, "அந்தப் பேச்ச விட்டுட்டாராம்மா" என்றேன். பனி உருகுவதற்குள் ஏதாவது நடந்து எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பனி உருகியது, ஆற்றில் பனிக்கட்டிகள் உடைந்து போயின, ஒன்றுமே நடக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி பாக்கலாம் என்றேன். மூன்றாவது தடவையும் அதையே சொன்னபோது அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து குதிரையில் வந்தவன் ஒருத்தன், கப்பல் இரண்டே நாள் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அதனால்தான் துப்பாக்கி. என் வாயை நம்பாமல் நேராகக் கேட்க வருகிறார்.

அம்மா போர்வையை விலக்கித் துப்பாக்கியைப் பார்த்தாள். நான் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றது நின்றபடி இருந்தேன்.

"என்னடி, ஆணி அடிச்ச மாதிரி நிக்குற? குடு இப்படி."

"வாங்கிக்கப் போறியாம்மா?"

"இந்த ஊருலயே எட்டு வீடு தாண்டி ஒரு மாமியாருக்குத்தான் இந்த மரியாதை கிடைச்சுது. அவளும் போன வருஷம் செத்துட்டா. வாங்காம?" கட்டையைத் தடவிப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "பிள்ளைய விட்டுட்டுப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டான். அதான் மரியாதை செய்யறான். அப்புறம் உன்னைப் பத்தியும் பேசுவான்னு நினைக்கிறேன்."

துப்பாக்கியை அவள் மடியில் வைத்துவிட்டு நான் வெளியே ஓடினேன்.

கடையில் மாமா காட்டெருமைத் தோல்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, மேலே கட்டை வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கப்பலுக்கு. மூலையில் ஒரு சின்ன மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நீலத்துணி கவுன், ஒரு சீப்பு, கறுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு ஜோடி ஷூ. அந்த ஷூவை எடுத்துப் பார்த்தேன். மடங்கவே இல்லை.

"இதப் போட்டுக்கிட்டு அவ எப்படி ஓடுவா?"

"அங்க ஓட வேண்டாம்" என்றார்.

"மாமா, நானும் கூடப் போறேனே." யோசித்துவிட்டுப் போன வார்த்தை இல்லை அது, தானாக வந்துவிட்டது. "அவளுக்குத் தலை வாரிவிட ஆள் வேணும்ல."

கயிற்றை இறுக்கிக்கொண்டே, "என் தம்பி வீட்டுல உன்னை யாருன்னு சொல்றது?" என்றார்.

"அவ அம்மான்னு சொல்லுங்க."

"அவ அம்மா செத்துட்டா, புல்லோசை."

"உங்க கணக்குக்குச் செத்துட்டா. எங்களுக்கு அம்மாவோட தங்கச்சியும் அம்மாதான். அவ என்னை அப்படித்தான் கூப்பிடுறா, உங்க காதுல விழலையா?"

அவர் கயிற்றை விட்டுவிட்டுத் தோல்கட்டின்மேல் உட்கார்ந்தார். அந்த மனிதர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பேசினார். அவருடைய தாத்தா கடலுக்கு நடுவில் ஒரு தீவில் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல், பதினாலு வயசு மகனை ரோமத்தோல் வாங்குகிற கப்பலில் ஏற்றி அனுப்பினாராம். அந்த மகன் வடக்கே ஏரிகள் இருக்கிற காட்டில் கடை போட்டு, அங்கே க்ரீ என்கிற, எங்களைப் போன்ற இன்னொரு ஜனத்துப் பெண் ஒருத்தியோடு பதினோரு வருஷம் வாழ்ந்தாராம். மூன்று பிள்ளைகள். மூத்தவர் மாமா. ஏழு வயசில் அவரை மட்டும் படகில் ஏற்றி நகரத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, அப்பா அங்கேயே தேவாலயத்தில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். செயின்ட் லூயித் தம்பி அந்த வீட்டுப் பிள்ளை. மாமாவின் முகத்தில் பாதி நம்மவர் முகம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"மிச்ச ரெண்டு பிள்ளைங்க?"

"அம்மை வந்துச்சு. அம்மா, தம்பி, தங்கச்சி, அந்தக் கரையில ஒருத்தரும் மிஞ்சல. படகுல ஏறினவன் மட்டும் மிச்சம்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "தூறலுக்குக் காய்ச்சல் வந்த ஆறு நாளும் நான் இதையேதான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது என்று ஷூவைப் பிடித்தபடியே ஆரம்பித்தேன். "மாமா, அம்மா சொன்னதா நான் உங்ககிட்ட சொன்னதெல்லாம்... அப்படியே அம்மா சொன்னது இல்ல."

அவர் சிரித்தார். அந்த நேரத்தில் அவர் சிரித்திருக்கக் கூடாது. "தெரியும். ஒன்பது மாசமா உப்பு கேக்குறேன், இன்னும் வரல" என்றார். எழுந்து போய்க் கயிற்றை மறுபடி இறுக்கத் தொடங்கினார். எனக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான். ஷூவைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். பூசணிவிதையை நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆற்றங்கரைக்கு விளையாட அனுப்பியிருந்தேன், அதனால் அவருடைய இருமலுக்குப் பதில் இருமல் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே வந்தார். கூரை ஓட்டையிலிருந்து வெளிச்சம் அடுப்புக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா மான்பல் தைத்த சட்டை போட்டுக்கொண்டு, மடியில் துப்பாக்கியோடு, அவர் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். போர்வை தோளில் கிடந்தது.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நாங்கள் பார்த்துப் பழகியது, எங்களுக்கு அது அவள் முகம், அவ்வளவுதான். மாமாவுக்கு அது தெரியாது. ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. அவர் கை தன்னையறியாமல் தன் கன்னத்துக்குப் போனதைப் பார்த்தேன்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை, புதுப்பெண் குரல் மாதிரி இருந்தது. "தலையெல்லாம் நரைச்சுப்போச்சே. சின்ன ஆளுன்னுல நினைச்சேன்."

"நீங்க ரொம்ப உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன் அத்தை."

"என் பேச்சக் கேட்டுட்டு அப்படி நினைச்சிருப்பீங்க."

"உங்க பேச்சு ரொம்பத் தன்மையால்ல வந்துச்சு" என்று அவர் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்படியே அந்தச் சிரிப்போடு நேரம் நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது. அம்மா கிண்ணத்தில் பூசணியும் காய்ந்த இறைச்சியும் போட்டுக் கொடுத்தாள். அவர் வாயில் வைப்பதற்குள் சொன்னாள்: "பிள்ளைய எங்கயும் அனுப்பறதில்லன்னு சொல்லிட்டீங்க. அன்னைக்கே என் மனசு ஆறிப்போச்சு. உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன்."

கிண்ணம் கீழே இறங்கியது. "நான் அப்படிச் சொல்லலையே அத்தை. வசந்தம் வரட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. தம்பிக்குக் கடுதாசி போட்டாச்சு. பெட்டி கட்டியாச்சு."

யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. நான் மண்தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சொல்லல. நான்தான் சொன்னேன்" என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அனுப்பணும்?"

"இங்க இருந்தா செத்துடுவா அத்தை. தூறல் மாதிரி. எங்கம்மா மாதிரி. ஏழு வயசுல என்னை மட்டும் படகுல ஏத்தி அனுப்பினாங்க, அதனாலதான் நான் மிச்சம்."

"இத யாரு கொண்டுவந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" அம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "அந்தக் கப்பல். நான் சின்னப் பொண்ணு. அப்புறம் பத்து வீட்டுல ஒரு வீட்டுலதான் அடுப்பு எரிஞ்சுது. நீங்க பிள்ளைய பத்திரமா இருக்கட்டும்னு அதுலயே ஏத்துறேன்னு சொல்றீங்க."

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.  அம்மா வேறு குரலில் கேட்டாள்: "உங்க பாதி முகம் யாரோடதுன்னு நான் இப்பதான் பாக்குறேன். உங்களைப் படகுல ஏத்துன அன்னைக்கு உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"தண்ணியில இடுப்பு வரைக்கும் இறங்கி வந்தாங்க. ஏதோ சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க." மாமா நிறுத்தினார். அவர் வாய் ஏதோ ஒரு சத்தத்தைத் தேடி அசைந்தது. "அப்ப எனக்குப் புரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அந்த பாஷை மறந்துபோச்சு அத்தை. என்ன சொன்னாங்கன்னு தெரியல."

கூரைமேல் யாரோ நடந்து போனார்கள், மண் பொடியாக அடுப்பில் உதிர்ந்தது. அம்மா துப்பாக்கியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தள்ளவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். பிறகு தோளில் கிடந்த போர்வையை எடுத்துத் தலைக்குமேல் இழுத்து, முகத்தை மூடி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"புல்லோசை," என்றாள் உள்ளேயிருந்து. "உன் மாமாகிட்ட சொல்லு. பிள்ளைய நான் பிடிச்சு வைக்க மாட்டேன். தூக்கிக் குடுக்கவும் மாட்டேன். அவரே அவளை உக்கார வச்சு, எதுக்குப் போகணும், யாரை விட்டுட்டுப் போகணும், எப்ப திரும்பி வருவான்னு அவ பாஷையில சொல்லட்டும். அவ மறக்காத மாதிரி சொல்லட்டும். சொல்ல முடிஞ்சா கூட்டிட்டுப் போகட்டும்."

அவர் இரண்டு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் வந்து சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் எழுந்து போய் அவர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். பிடிச்சு வைக்க மாட்டாங்க என்றேன், தூக்கிக் குடுக்கவும் மாட்டாங்க என்றேன். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கனமாக எதையும் சுமந்ததில்லை, நடந்ததென்னவோ நாலு அடி. அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கும் மறுநாளும் கடையிலேயே தங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கப்பல் வந்தது. முதலில் வளைவுக்கு அப்பால் மரங்களுக்கு மேலே புகை, அப்புறம் ஊதுகிற சத்தம், நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைத்தன. ஊரே கூரைகள்மேல் ஏறி நின்றது. காக்கையிறகு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் கேலி பேசாத நாளை அன்றுதான் பார்த்தேன். தோல்கட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு இறங்கின. அவற்றுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டி. யாரும் அதை ஏற்றவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டும் போகவில்லை. நான் கீழே இறங்கி உள்ளே வந்துவிட்டேன்.

பூசணிவிதை என் மடியில் உட்கார்ந்து, அம்மா வறுத்துக் கொடுத்த சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். கப்பலைப் பார்க்கப் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவள் அதில் போவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் தலையை வாரி இரண்டாகப் பின்னினேன், அவிழ்த்தேன், மறுபடி பின்னினேன். கப்பல் இன்னொரு தடவை ஊதியது.

வாசலில் மூன்று இருமல் கேட்டது.

அம்மாவின் போர்வை மேலே போனது. நான் கையைப் பின்னலிலிருந்து எடுக்கவில்லை. வாசலில் தொங்கிய தோலுக்குக் கீழே அவருடைய இரண்டு கால்கள் தெரிந்தன. வெயில் அவற்றின் நிழலை அடுப்பு வரைக்கும் நீட்டியிருந்தது. அவர் உள்ளே வரவில்லை. ஏதோ ஒன்றைத் தனக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பதுபோல மெல்லிய முணுமுணுப்பு, எங்கள் பாஷைதான், வார்த்தை பிடிபடவில்லை. பிறகு மறுபடி இருமினார், ஒன்று, இரண்டு, மூன்று. பூசணிவிதை வாயிலிருந்த தோலைத் துப்பிவிட்டு, பதில் இருமலுக்காக மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, இருமலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.